காலை எடுத்தாலும் சுற்று இறங்கவில்லை என்றால்

கேள்வி இதுதான்: பன்னிரண்டு ஆண்டு ஓடிய பெட்ரோல் கார், மேனுவல் கியர், கேபிளால் இயங்கும் த்ராட்டில் (காற்று வாயில்). ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் சுற்று நிமிடத்துக்கு 1,500-இல் வந்து நின்றுகொள்கிறது. நாலைந்து நொடி கழித்து, மனமில்லாமல் 800-க்கு இறங்குகிறது. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாயிற்று, ஐடிலை, அதாவது கால் வைக்காதபோது என்ஜின் ஓடும் சுற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் கண்ட்ரோல் வால்வைப் புதிதாக மாற்றியாயிற்று, தீரவில்லை. அடுத்து எதை மாற்றலாம்?

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். ‘எதை மாற்றலாம்’ என்ற கேள்விதான் உங்களை ஒரு வால்வு வாங்க வைத்தது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘காற்று எங்கிருந்து வருகிறது’ என்று கேளுங்கள். பெட்ரோல் என்ஜினின் வேகத்தை நிர்ணயிப்பது உள்ளே போகும் காற்று. நீங்கள் மிதிப்பது பெட்ரோலை அல்ல, காற்று வாயிலைத்தான். எவ்வளவு காற்று போகிறதோ அதற்கேற்ப என்ஜினின் கணினியான ஈசியு பெட்ரோலை அளந்து விடுகிறது. எனவே சுற்று இறங்க மறுக்கிறது என்றால், அநேகமாக எங்கோ காற்று போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு விதிவிலக்காகச் சில சமாசாரங்கள் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு காற்று என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.2 லிட்டர் என்ஜின் சூடாகி 800 சுற்றில் சும்மா நிற்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 2 கிராம் காற்றைத்தான் இழுக்கிறது. அந்த நேரத்தில், த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம், கடல் மட்டத்தில், 30 முதல் 40 கிலோபாஸ்கல், வெளியே 101. இந்த வித்தியாசத்தில் 3 மில்லிமீட்டர் அகல ஓட்டை ஒன்று இருந்தால் போதும், நொடிக்கு ஒரு கிராமுக்குமேல் காற்று அதன் வழியாகவே பாய்ந்துவிடும். அதாவது ஐடிலுக்கு வேண்டிய காற்றில் பாதி, யாரும் கேட்காமலே உள்ளே போகிறது. பென்சில் முனை நுழையும் அளவு ஓட்டைக்கு இந்தச் சக்தி என்பதை மனதில் வைத்துக்கொண்டால், எவ்வளவு சின்ன விரிசலைத் தேடப் போகிறீர்கள் என்பது புரியும்.

அப்படியானால் ஐடிலே 1,500-இல் நிரந்தரமாக நிற்க வேண்டாமா, ஏன் கடைசியில் 800-க்கு வந்துவிடுகிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கசிவு வழியாக அதிகக் காற்று வந்தால், ஈசியு தன் கையிலுள்ள ஐடில் வால்வை அந்த அளவுக்கு மூடி ஈடுகட்டிவிடும். ஆனால் அது ஒரே நொடியில் செய்வதில்லை. கால் எடுத்த கணத்தில் சுற்று சடாரென்று விழுந்து என்ஜின் அணைந்துவிடாமலிருக்க, அந்த வால்வைச் சற்றே திறந்துவைத்து மெல்ல மெல்ல மூடுவதுதான் ஈசியுவின் பழக்கம். அந்தக் காற்றோடு கசிவுக் காற்றும் சேரும்போது சுற்று தொங்குகிறது. வால்வு முழுக்க மூடிய பிறகு பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. நோய் இறங்கும் வழியில் மட்டும் முகம் காட்டுகிறது.

ஆகவே முதலில் அது எப்படித் தொங்குகிறது என்று கவனியுங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறட்டும், ஏசி அணைந்திருக்கட்டும், கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு. 3,000 வரை மிதித்து விடுங்கள். 1,500-இல் நிற்கிறதா? அப்போது கால்விரலை ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்குங்கள். சுற்று உடனே விழுந்தால், வால்வு, சென்சார், கசிவு எல்லாவற்றையும் மறந்துவிடலாம், எங்கோ உராய்கிறது. பெடலைச் சட்டென்று ஒரு தட்டுத் தட்டினால் மட்டும் இறங்குகிறது என்றாலும் அதே முடிவுதான்.

வண்டி உருளும்போது 1,200 அல்லது 1,300-இல் நின்று, சக்கரம் நின்ற மறுகணம் 800-க்கு வருகிறதா? அது பெரும்பாலும் நோயே அல்ல. ஓடும் வண்டியில் கிளட்சை மிதித்தாலும் என்ஜின் அணைந்துவிடக் கூடாது என்று பல உற்பத்தியாளர்கள் அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். சுற்று 1,000-க்கும் 1,800-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது என்றால், கசிவு பெரிது. த்ராட்டில் மூடியிருக்கும்போது சுற்று அதிகமாக இருந்தால் ஈசியு பெட்ரோலை நிறுத்தும். சுற்று விழுந்ததும் மறுபடி விடும். காற்று அதிகமிருப்பதால் மீண்டும் ஏறும். இப்படியே விடிய விடிய ஆடும்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சுற்று 1,500-இல் தொங்கும்போது, கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டு, பிரேக்கை மிதித்தபடி, கிளட்சைச் சற்றே விட்டு என்ஜினை 800-க்கு இழுத்துக் கொண்டுவாருங்கள். அப்புறம் மறுபடி கிளட்சை முழுக்க மிதியுங்கள். சுற்று மீண்டும் 1,500-க்கு ஏறினால் காற்று உண்மையிலேயே வந்துகொண்டிருக்கிறது. 800-லேயே அமைதியாக நின்றுவிட்டால், காற்றைத் தாண்டிய காரணம் இருக்கலாம். முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் இதைச் செய்யுங்கள்.

உராய்வு என்று தெரிந்தால் வேலை சுலபம். முதலில் தரை விரிப்பு. சிரிக்காதீர்கள், பெடலின் ஓரத்தில் விரிப்பு ஏறி உட்கார்ந்து சுற்று தொங்கிய வண்டியை நானே பார்த்திருக்கிறேன். அடுத்து பானெட்டைத் திறந்து, என்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டிலின் அரைவட்டச் சக்கரத்தை, அதாவது கேபிள் சுற்றியிருக்கும் பாகத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி மெதுவாகவே விடுங்கள். வேகமாக விட்டால் ஸ்பிரிங் தன் பலத்தால் குறையை மறைத்துவிடும். மெதுவாக விடும்போது கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் தயங்கினால், காற்று வழியை மூடும் பட்டாம்பூச்சித் தகட்டின் விளிம்பில் கரி இருக்கிறது, அல்லது அச்சு தேய்ந்து தகடு சுவரில் உரசுகிறது. கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சில மில்லிமீட்டர் அசைய வேண்டும். என்ஜின் அசையும்போது இழுபடும் அளவுக்கு அது விறைத்திருந்தால், த்ராட்டில் முழுக்க மூடவே மூடாது. உறைக்குள் இழை பிரிந்த கேபிளுக்கு எண்ணெய் விடுவது வீண் வேலை. மாற்றிவிடுங்கள். அது ஒருநாள் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். ஓடும்போது அப்படி நேர்ந்தால் பிரேக்கைப் பலமாக மிதித்து, நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரங்கட்டி நின்றபின் அணையுங்கள். ஓடும் வண்டியில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

த்ராட்டிலைச் சுத்தம் செய்ததாகச் சொன்னீர்கள். யார் செய்தார், எப்படி என்று கேட்கத் தோன்றுகிறது. த்ராட்டில் சக்கரம் வந்து முட்டும் இடத்தில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதன் தலையிலோ நட்டிலோ பெயிண்ட் சொட்டு வைத்திருப்பார்கள். அந்தப் பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார். கரி படிந்து ஐடில் குறைந்த காலத்தில், சுத்தம் செய்வதற்குப் பதிலாக அந்தத் திருகை அரைச்சுற்றுத் திருப்பி ஐடிலை ஏற்றியிருப்பார். பிறகு நீங்கள் கரியை எடுத்துவிட்டீர்கள். திறப்பு அப்படியே இருக்கிறது.

அந்தத் திருகு ஐடிலைத் திருத்த வைத்ததே அல்ல. தகடு துளைக்குள் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளாமல் தடுக்க வைத்தது. அதைத் திருப்பினால் காற்று கூடுவதோடு இன்னொரு கேடும் வரும்: த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரின் ஓய்வுநிலை அளவும் மாறும். ஓட்டுநர் இன்னும் லேசாக மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று ஈசியு நினைத்துக்கொண்டால், அது ஐடில் கட்டுப்பாட்டுக்கே வராது, பெட்ரோலையும் நிறுத்தாது. ஈசியுவின் எண்களைக் காட்டும் ஸ்கேனரில் த்ராட்டில் அளவைப் பாருங்கள். கால் எடுத்தபோது உங்கள் வண்டிக்கு உரிய ஓய்வு மதிப்புக்கு ஒவ்வொரு முறையும் திரும்ப வேண்டும். ஒருமுறை ஒன்றாகவும் மறுமுறை வேறாகவும் வந்தால் சென்சாரோ தகடோ சரியில்லை. சுத்தம் செய்த பிறகு ஐடிலை ஈசியுவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய வண்டிகளும் உண்டு. அந்த முறை வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

உராய்வு இல்லை, திருகும் தொடப்படவில்லை என்றால், கசிவுதான் முதல் சந்தேகம். உங்கள் ஐடில் வால்வுக்குத் தனி ரப்பர் ஹோஸ் வழியாகக் காற்று போகிறதென்றால் வேலை எளிது. என்ஜின் ஓடும்போது அந்த ஹோஸை, துணி சுற்றிய பிளையரால் நசுக்கி மூடுங்கள். த்ராட்டில் மூடி, ஐடில் வழியும் மூடினால், என்ஜின் அணைய வேண்டும், அல்லது அணையும் நிலைக்குத் தள்ளாட வேண்டும். ‘எனக்கென்ன’ என்று 1,000 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தால், வேறெங்கோ திருட்டுக் கதவு திறந்திருக்கிறது. புதிய வால்வு அந்தக் கதவை மூடாது என்பது இப்போது புரியும். ஹோஸ் இல்லாமல் த்ராட்டில் பாடியிலேயே வழி குடைந்திருந்தால், ஸ்கேனரில் ஐடில் வால்வின் படி எண்ணை, அதாவது அது எத்தனை படி திறந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். பல வண்டிகளில் சூடான ஐடிலில் அது 15 முதல் 30 வரை நிற்கும். பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால், வால்வு தன்னால் முடிந்த மட்டும் மூடிவிட்டு மேற்கொண்டு மூட இடமின்றித் தவிக்கிறது என்று பொருள்.

அதன்பின் ஒவ்வொரு ஹோஸாக நசுக்கிக்கொண்டே போங்கள். எதை மூடும்போது சுற்று சட்டென்று விழுகிறதோ அதுதான் ஆள். பிரேக் மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரின் ஹோஸ், என்ஜின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் புகையை இழுக்கும் பிசிவி வால்வின் ஹோஸ், பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வின் ஹோஸ் ஆகிய மூன்றும் பெரியவை, முதலில் பார்க்க வேண்டியவை. பிசிவி ஹோஸை நசுக்கினால் சுற்று லேசாகக் குறைவது இயல்பு. நிறையக் குறைந்தால் வால்வு திறந்த நிலையில் மாட்டியிருக்கிறது. பர்ஜ் வால்வை வண்டியிலிருந்து கழற்றி, மின் இணைப்பு இல்லாமல் சிறு குழாய் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று போகக் கூடாது. பூஸ்டரைச் சோதிக்க, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஐடிலைக் கவனியுங்கள். சுற்று மாறி, கால் பக்கத்தில் ‘உஸ்’ என்ற சத்தமும் கேட்டால், உள்ளேயிருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது பிரேக் சம்பந்தப்பட்டது, ஒத்திப்போடாதீர்கள்.

நான் இதில் ஆறு வாரம் தொலைத்தவன். என் பழைய காரில் காலையில் எந்தக் குறையும் இருக்காது; இருபது நிமிடம் ஓடிய பிறகு சுற்று தொங்கும். இரண்டு சென்சார் வாங்கினேன். பூஸ்டர் ஹோஸைப் பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன், மேலிருந்து. ஒருநாள் சலிப்பில் அதைக் கழற்றிப் பின்புறமாக வளைத்தபோது, கிளிப்புக்குச் சற்று மேலே, அடிப்பக்கத்தில், நகத்தின் அகலத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது. ரப்பர் குளிர்ந்திருக்கும்போது விறைத்து மூடியிருக்கும். சூட்டில் இளகியதும் திறக்கும். அதனால்தான் காலைப் பரிசோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறிக்கொண்டே வந்தது. ஆகவே ஹோஸ்களைச் சூடான என்ஜினில், கண்ணாடித் துண்டு வைத்து அடிப்பக்கம் பாருங்கள், கழற்றி வளைத்தும் பாருங்கள். மாற்றும்போது பிரேக் வேக்யூமுக்கென்றே செய்த ஹோஸைப் போடுங்கள். கிடைத்த குழாயைச் சொருகினால் உறிஞ்சும் விசையில் அது உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

ஹோஸ்களில் எதுவும் இல்லையென்றால் மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர்களின் அடியிலுள்ள ஓ-ரிங் இரண்டும் மிச்சம். இங்கே கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, சுற்று மாறுகிறதா என்று பார்ப்பது பல மெக்கானிக்குகளின் வழக்கம். வேலை செய்யும்தான். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேல் அந்தத் திரவம் பட்டால் தீப்பிடிக்கும், நான் பரிந்துரைக்க மாட்டேன். சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் காது கொடுங்கள், சத்தம் ஒரு கணம் மாறும். வசதி இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் புகை செலுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேனிஃபோல்டுக்குள் புகையை விட்டால் ஓட்டை இருக்கும் இடத்தில் நூல்போல வெளிவரும். பாகம் பாகமாக வாங்கிப் போடுவதைவிட அந்தக் கூலி எப்போதும் குறைவு.

ஸ்கேனர் கையில் இருந்தால் ஃப்யூயல் ட்ரிம் எண்களும், அதாவது ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கும் உதவும், ஒரு நிபந்தனையோடு. காற்றின் எடையை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், அளவுக்கு வராமல் உள்ளே போன காற்றுக்கு ஈடாக ஈசியு பெட்ரோலைக் கூட்டும். ஐடிலில் +10 சதவீதத்துக்கு மேல், 2,500 சுற்றில் பூஜ்யத்துக்கு அருகே என்றால், அது கசிவின் கையெழுத்து. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டியில் கசிந்த காற்றும் கணக்கில் வந்துவிடும். ட்ரிம் சாதுவாக இருக்கும், சுற்று மட்டும் கூடும். ‘ட்ரிம் நன்றாக இருக்கிறது, கசிவு இல்லை’ என்று அப்படிப்பட்ட வண்டியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதேபோல ஏர்ஃப்ளோ சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவேயுள்ள பெரிய ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் கலவை கெடும், ஆனால் சுற்று தூக்காது. அந்தக் காற்றும் த்ராட்டில் வாயிலைக் கடந்துதானே போக வேண்டும்.

கூலண்ட் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். என்ஜின் ஆறிய பிறகு மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில வண்டிகளில் குளிர்காலை வேக ஐடிலுக்கு, கூலண்டின் சூட்டால் விரியும் மெழுகு வால்வு ஒன்று இருக்கும். கூலண்ட் குறைந்தோ காற்றுக் குமிழ் அடைத்தோ அங்கே சூடு சேராவிட்டால், என்ஜின் கொதித்தாலும் அந்த வால்வு தான் இன்னும் குளிரில் இருப்பதாகவே நினைத்துத் திறந்திருக்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டாலும், வெப்ப சென்சார் பொய் சொன்னாலும் இதே கதை. இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலண்ட் வெப்பமும் உள்வரும் காற்றின் வெப்பமும் ஸ்கேனரில் ஏறத்தாழ ஒன்றாகக் காட்ட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஓடிய பிறகு கூலண்ட் 85 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும்.

காற்றைத் தாண்டிய காரணங்கள் என்று சொன்னேனே, அவை பெரும்பாலும் காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரும் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய வண்டிகளுக்கு உரியவை. கிளட்ச் சோதனையில் 800-க்கு இழுத்ததும் அங்கேயே நிற்பவை இவைதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்தோ துருவேறியோ இருந்தால், சுற்று 1,500-இல் இருக்கும்போது தீப்பொறி முன்கூட்டியே விழும். அதுவே சுற்றை அங்கே தாங்கும். கட்டாயப்படுத்திக் கீழே கொண்டுவந்தால் பொறியும் பின்வாங்கும், என்ஜின் அடங்கிவிடும். ஐடில் கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் சுற்று தொங்கும். கூடினால் நேர்மாறாக, 800-க்குக் கீழே முங்கி எழும். த்ராட்டில் முட்டும் இடத்தில் சின்ன டப்பா போன்ற டேஷ்பாட் இருந்தால், அது வேண்டுமென்றே கடைசிக் கட்டத்தை மெதுவாக்குகிறது, அதைக் கழற்றி எறியாதீர்கள். த்ராட்டில் சடாரென்று மூடினால் மேனிஃபோல்டு சுவரில் ஒட்டிய பெட்ரோல் ஆவியாகி, சரியாக எரியாமல் புகைபோக்கிக்குப் போகும். அதைத் தடுக்க வைத்தது அது.

எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில் கியர் மாற்றும்போது சுற்று ஒட்டிக்கொண்டு இறங்குவதற்கும் பாதிக் காரணம் இதுதான். மென்பொருளுக்குள் ஒரு டேஷ்பாட் ஒளிந்திருக்கிறது. புதிதாக வாங்கிய நாளிலிருந்தே அப்படி என்றால் பழுது தேடி அலையாதீர்கள். அந்தத் தகட்டை, சாவி போட்ட நிலையில் விரலால் திறக்கவும் கூடாது. மோட்டார் திடீரென மூடினால் விரல் போய்விடும். டீசல் என்றால் இந்தப் பதிலில் பெரும்பாலானது பொருந்தாது. அங்கே பெடல் சென்சார், கசியும் இன்ஜெக்டர், டர்போ வழியாக உள்ளே போகும் என்ஜின் ஆயில் என்று வேறு பாதையில் போக வேண்டும்.

உங்கள் வண்டிக்கு என் ஊகம்: திருகு முதலில், பிசிவி அல்லது பூஸ்டர் ஹோஸ் இரண்டாவது. பெடலை விரலால் தூக்கிப் பார்த்ததில் என்ன நடந்தது, பெயிண்ட் சொட்டு முழுதாக இருக்கிறதா, ஐடில் வால்வின் படி எண் எத்தனை, ட்ரிம் ஐடிலிலும் 2,500-லும் என்ன என்று எழுதுங்கள். எண்களைச் சூடான என்ஜினில், ஏசியும் விளக்கும் அணைத்து எடுங்கள். ரேடியேட்டர் விசிறி ஓடாத நேரமாகவும் இருக்கட்டும், அது ஓடினால் ஆல்டர்னேட்டர் சுமை கூடி எண் மாறிவிடும்.